திருகாணிக்கும் ஓர் எண் உண்டு

சென்ற ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் மகனின் பழைய கைப்பேசி மாடிப்படியில் விழுந்து உயிரை விட்டது. பழுதுபார்க்கும் கடையில் கேட்ட தொகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். குப்பையில் போடப் போனவனை அம்மா தடுத்தார்.

"தூக்கிப் போடாதே ஐயா. கொண்டா இங்க. உள்ளே என்ன இருக்குன்னு பாட்டி காட்டுறேன்."

அம்மாவுக்கு வயது 67. பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவர். 1972இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியபின், கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஃபேக்டரி பஸ் ஏறிப் போனார்களே, அவர்களில் ஒருவர். முதல் சில ஆண்டுகள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. பிறகு சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பொருத்தும் லைன். நாற்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுக்கொண்டார். இப்போது எங்களோடு சிங்கப்பூரில் இருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, என் புருவச் சாமணத்தையும் சின்னத் திருப்புளியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "பேட்டரி ஊதியிருந்தா தொடக் கூடாது," என்று பேரனுக்குச் சொல்லிவிட்டு அதை முதலில் பார்த்தார். ஊதவில்லை. அரை மணி நேரத்தில் அந்தக் கைப்பேசி துணிமேல் வரிசையாகப் படுத்திருந்தது.

என் மகன் என் பக்கம் திரும்பினான். "அம்மா, நீங்களும் போன் சாமான் வேலைதானே பாக்குறீங்க? நீங்க என்ன செய்வீங்க?"

"நான் இதுக்கெல்லாம் நம்பர் போடுவேன்," என்றேன்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பதினைந்து ஆண்டுகளாக நான் அலுவலகத்தில் என்ன செய்கிறேன் என்று அவருக்கும் சரியாகத் தெரியாது. 'டாக்குமெண்ட்' வேலை என்று உறவினர்களிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

என் வேலை இதுதான். நான் இருக்கும் நிறுவனம் கைப்பேசிப் பாகங்களை வாங்கி, சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய கிடங்கில் வைத்து, வட்டார நாடுகளில் உள்ள ஆலைகளுக்கு அனுப்புகிறது. எந்தச் சரக்கு எல்லை தாண்டினாலும், அது என்ன பொருள் என்று ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த அந்த முறை 1988 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. உயிருள்ள குதிரை முதல் ஓவியம்வரை எல்லாப் பொருளும் 97 அத்தியாயங்களுக்குள் அடக்கம். அதில் 77ஆம் அத்தியாயத்தை மட்டும் வருங்காலத் தேவைக்காகக் காலியாக விட்டிருக்கிறார்கள். முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே. அதற்குமேல் ஆசியான் நாடுகள் 2 இலக்கங்களைச் சேர்த்து 8 ஆக்கிக்கொண்டன. அந்த எண்ணை வைத்துத்தான் எவ்வளவு தீர்வை, எந்த உரிமம் வேண்டும் என்பதெல்லாம் முடிவாகும்.

"சரி, இதுக்கு என்ன நம்பர்?" என்று மகன் பேட்டரியைக் காட்டினான்.

"8507.60. லித்தியம் அயன் பேட்டரி."

"இது?" சின்ன ஸ்பீக்கர். 8518. பக்கத்தில் கடுகளவு மைக், அதுவும் 8518தான். கைப்பேசியை அதிரவைக்கும் சின்ன மோட்டார் 8501. சிப் 8542. ஆன்டெனா 8517.71. பின்மூடியும் சிம் தட்டும் 8517.79. கேமராவைக் காட்டியபோது, "அதைப் பத்தி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம், விடு," என்றேன்.

அம்மா சாமணத்தால் ஒரு திருகாணியைத் தூக்கிப் பிடித்தார். எறும்பின் தலை அளவு. "இதுக்குமா?"

"அதுக்கும்தான். 7318. இரும்புத் திருகாணி."

"போனுக்குன்னே செஞ்சதுதானே இது? போனோட நம்பர் கிடையாதா?"

கெட்டிக்காரக் கேள்வி. புதிதாகச் சேர்ந்தபோது நான் தடுமாறிய இடமும் அதுதான். போனுக்குள் இருப்பதெல்லாம் போனின் பாகம் என்றுதானே தோன்றும்? சுங்கப் புத்தகம் அப்படிப் பார்ப்பதில்லை. திருகாணி போன்ற பொதுச் சாமான் எங்கே மாட்டியிருந்தாலும் திருகாணிதான். மோட்டார், ஸ்பீக்கர், பேட்டரி போல் தனக்கென்று பெயரும் தலைப்பும் உள்ள பொருள் தன் சொந்தத் தலைப்புக்கே போகும். அப்படிச் சொந்தத் தலைப்பு இல்லாத பொருள், எந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்டதோ அந்தக் கருவியோடு சேரும். பின்மூடிக்கும் சிம் தட்டுக்கும் தனித் தலைப்பு கிடையாது. அதனால் அவை தொலைபேசியின் தலைப்பான 8517க்கு வருகின்றன.

அம்மாவின் விரல் பச்சை நிறப் பலகையில் வந்து நின்றது. "இது நம்ம ஏரியா."

"வெறும் பலகையா வந்தா 8534 அம்மா. அதுமேல சிப்பு, மத்த சாமானெல்லாம் பொருத்திட்டா போனோட பாகம், 8517.79."

"நாங்க வேலை செஞ்சு முடிச்சதும் அதுக்கு நம்பரே மாறிடுதா?"

"ஆமாம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பலகையைத் துணியின் நடுவில், மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்தார்.

கடைசியாக என் மகன் உடைந்த திரையை எடுத்தான். அதன் ஓரத்தில் பவர் பட்டனும், காது வைக்கும் இடத்தில் தூசி தடுக்கும் ஸ்பீக்கர் வலையும் ஒட்டியிருந்தன. "இது?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அந்தத் திரையும் அந்தச் சின்ன வலையும் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அப்படி.

இதை எழுதும்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே துறையில் இருக்கும் இளையர்கள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் தீர்வை என்றால் பெரும்பாலானோர்க்கு அது வேறு யாருடைய கவலையோ போலத் தோன்றும். இங்கே மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் ஆகிய 4 வகைகளுக்குத்தான் தீர்வை. கைப்பேசிப் பாகத்துக்குத் தீர்வை கிடையாது. இறக்குமதியாகி உள்ளூருக்குள் வந்தால் பொருள் சேவை வரி மட்டும். தகவல் தொழில்நுட்பப் பொருள்களின் தீர்வையைப் பூஜ்யமாக்கும் உடன்பாடே 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்நிலை மாநாட்டில் பிறந்ததுதான். எனவே எங்கள் அலுவலகத்தில் ஓர் எண் தவறினால் இங்கே பெரிதாக யாருக்கும் வலிக்காது. அது சரக்கு போய் இறங்கும் ஊரில் வலிக்கும்.

இந்தியாவில் கதை வேறு. கைப்பேசியை உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்று 2017 முதல் அங்கே படிப்படியாகத் தீர்வை விதித்தார்கள். முழுக் கைப்பேசிக்கும், அதன் பாகங்களுக்கும். அந்தத் தீர்வைகள் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டுக்கு முரணா இல்லையா என்று ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் 2019இல் உலக வர்த்தக அமைப்பிடம் வழக்குக் கொண்டுபோயின. 2023 ஏப்ரலில்தான் தீர்ப்புக் குழு இந்தியாவுக்கு எதிராக அறிக்கை தந்தது. நாடுகளே இப்படி வாதாடும்போது, சின்ன நிறுவனங்கள் பாடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் சென்னைக்கு அருகே குறைந்த விலைக் கைப்பேசிகளைப் பொருத்தும் சின்ன ஆலை வைத்திருந்தார். பதினெட்டுப் பேர் வேலை செய்யும் இடம். அவருக்கு மாதம் ஒருமுறை எங்கள் கிடங்கிலிருந்து திரைகள் போகும். தமிழில் பேசலாம் என்பதால் எல்லாக் கேள்விக்கும் என்னைத்தான் அழைப்பார். "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். நான் "சார்" என்பேன்.

2022 ஜனவரியில் சுங்க எண்கள் உலகம் முழுக்கத் திருத்தப்பட்டன. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படி நடக்கும். அந்தத் திருத்தத்தில்தான் திறன்பேசிக்கு 8517.13 என்று தனி எண் கிடைத்தது. தட்டைத் திரைகளுக்கும் 8524 என்று புதுத் தலைப்பு வந்தது. அதுவரை ஆளுக்கொரு தலைப்பில் போட்டுக்கொண்டிருந்த திரைகளுக்கு ஒரு சொந்த வீடு. நாங்கள் ஆயிரக்கணக்கான பொருள்களின் எண்களை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு மாதம் இரவு ஒன்பது மணிக்கு முன் நான் வீடு திரும்பியதாக நினைவில்லை.

அந்த அவசரத்தில்தான் தவறு நடந்தது. சென்னைக்காரரின் திரைக்கு எண்ணை மாற்றினேன். ஆனால் பொருளின் விவரத்தை மட்டும் 2021ஆம் ஆண்டுக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினேன்: 'கைப்பேசித் திரைத் தொகுதி, பின்சட்டத்துடன்.' இடைப்பட்ட காலத்தில் தயாரிப்பாளர் மாடலை மாற்றியிருந்தார். புதிய திரையில் பவர் பட்டனும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டனுக்கான வளையும் சர்க்யூட்டும், ஸ்பீக்கர் வலையும் சேர்த்தே பொருத்தப்பட்டு வந்தன. அதற்கான வரைபடம் மின்னஞ்சலில் எனக்கு வந்திருந்தது. நான் திறக்கவில்லை. கிடங்கு எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட பஸ் பயணம். ஒரு தடவை போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி இந்தியச் சுங்க வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. திரைத் தொகுதி தனியாகவோ, உலோக அல்லது பிளாஸ்டிக் பின்சட்டத்தோடு மட்டுமோ வந்தால் 10 விழுக்காடு தீர்வை. சிம் தட்டு, ஸ்பீக்கர் வலை, பவர் பட்டன் போன்ற வேறு எதுவும் அதில் பொருத்தப்பட்டு வந்தால் முழுத் தொகுதிக்குமே 15 விழுக்காடு. சில காசு விலையுள்ள ஒரு வலை ஒட்டியிருந்தால், முழுத் திரைக்கும் 5 விழுக்காடு கூடும்.

செப்டம்பரில் எங்கள் சரக்கைச் சென்னையில் திறந்து பார்த்தார்கள். 5,000 திரைகள், 40,000 அமெரிக்க டாலர் மதிப்பு. காகிதத்தில் ஒன்று, பெட்டியில் வேறொன்று. சரக்கை நிறுத்திவைத்தார்கள். தீர்வை வித்தியாசம் மட்டும் 2,000 டாலர், அதன்மேல் ஏறும் வரிகள் தனி. முந்தைய சரக்குகளைப் பற்றியும் கேள்வி கிளம்பியது. கிடங்கு வாடகை நாளுக்கு நாள் ஏறியது. அங்கே திரை இல்லாமல் லைன் நின்றுபோனது.

அவர் அழைத்தார். வழக்கமான குரல் இல்லை.

"மேடம், நீங்க எழுதின பேப்பர்தானே இது? நான் வேணும்னு மறைச்சேன்னு கேக்குறாங்க."

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் மீண்டும் அழைத்து ஒரு வழி சொன்னார். "அந்த வலை, பட்டன் எல்லாம் டிஸ்ப்ளேவோட பிரிக்க முடியாத பகுதி, தனியா பொருத்தினது இல்லேன்னு உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல ஒரு லெட்டர் கொடுங்க மேடம். அது போதும், நான் பாத்துக்குறேன். பதினெட்டுக் குடும்பம் மேடம்."

என் மேலாளருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எங்கள் மீதும் பழி வராது, வாடிக்கையாளரும் தங்குவார். "தொழில்நுட்பக் கருத்துதானே, எழுதிவிடு," என்றார். நான் எழுதினேன். உண்மையைச் சொன்னால், நன்றாகவே எழுதினேன். கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா கேட்டார். பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் கதை ஒன்றைச் சொன்னார். அதுவரை நான் கேட்டிராத கதை.

எண்பதுகளின் தொடக்கத்தில், மைக்ரோஸ்கோப் வேலையில் இருந்தபோது நடந்தது. ஆப்பரேட்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. முடித்த தட்டில் அந்த எண்ணை எழுதித்தான் அடுத்த லைனுக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள் ஓவர்டைமில் தூக்கக் கலக்கத்தில் ஒரு தட்டுச் சிப்புகளில் ஒரு கம்பி விட்டுப்போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து அந்தச் சரக்கு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள், மெஷின் கோளாறு என்று சொல்லிவிடு என்றார்களாம். அந்த வாரம் மெஷின் உண்மையிலேயே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் நம்பர் போட்டுப் போன தட்டு மா. மெஷின்னு சொன்னா மெஷினைக் கழட்டிப் பாப்பாங்க, ரெண்டு நாள் லைன் நிக்கும், எல்லாருக்கும் ஓவர்டைம் போயிடும். நான்தான் பாக்காம விட்டேன்னு சொல்லிட்டேன். அந்த மாசம் அலவன்ஸ் கிடைக்கலை. உங்க அப்பாகிட்டே ஏச்சு வாங்கினேன்." அவ்வளவுதான். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குப் போகவில்லை, நேரே கிடங்குக்குப் போனேன். அடுத்த மாதத்துக்கென வந்திருந்த அதே மாடல் திரையை எடுத்து, ஒட்டியிருந்த ஒவ்வொன்றையும் பட்டியலிட்டுப் படம் பிடித்தேன். ஆறு சாமான்கள். பிறகு புதிதாக ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் திரையில் இவை இவை பொருத்தப்பட்டுள்ளன. எங்கள் இன்வாய்ஸில் இருந்த விவரம் முழுமையற்றது. அது எங்கள் அலுவலகத்தில் நேர்ந்த தவறு, வாங்குபவருக்கு அதில் பங்கில்லை. இன்ன மாதம் முதல் இந்த மாடல் மாறியது. மேலாளரிடம் இரண்டு கடிதங்களையும் கொடுத்து, "முதல் கடிதத்தில் என் பெயரைப் போட முடியாது," என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள்கள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் 'அண்ணன்' என்று அழைக்கும் மூத்த ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "பெட்டி திறந்தாச்சு. பார்த்ததை இல்லைன்னு ஒரு லெட்டர் சொன்னா, அதுக்கப்புறம் நம்ம எந்த லெட்டரையும் யாரும் நம்ப மாட்டாங்க." இரண்டாவது கடிதம் போனது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முடியவில்லை. அவர் வித்தியாசத் தீர்வையும் வட்டியும் அபராதமும் கட்டினார். ஒரு பகுதியை எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது; அந்த ஆண்டு போனஸ் வரவில்லை. அவர் எனக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டார். மாதக் கடைசியில் கைப்பேசியில் சென்னை எண் எது வந்தாலும் அவரோ என்று பார்ப்பேன். அவராக இருக்காது.

அடுத்த ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் அழைத்தார். "மேடம், உங்க லெட்டராலதான் நான் வேணும்னு மறைக்கலைன்னு ஒத்துக்கிட்டாங்க. அப்போ கோவத்துல புரியலை," என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்தப் பட்டனும் வலையும் இல்லாமல், பின்சட்டத்தோடு மட்டும் திரையைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கித் தர முடியுமா? சில்லறைச் சாமான்களை அவர் தமக்குத் தெரிந்த வேறு இடத்தில் வாங்கி, தம் ஆலையிலேயே பொருத்திக்கொள்வார். திரைக்கு 10 விழுக்காடுதான் ஆகும்.

அதற்குத் தடையில்லை. உள்ளதை மறைப்பதுதான் குற்றம். பொருளையே மாற்றி வாங்குவது வியாபாரம். ஆனால் பிரித்த சாமான்களையும் அதே சரக்கில் போட்டு அனுப்பி, தனித்தனிதான் என்று சொல்லிவிட முடியாது. பொருத்தாமல் சேர்ந்து வரும் பொருளைப் பொருத்தியதாகவே கருதும் விதி சுங்கப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதையும் சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன்.

"பொருத்துறதுக்கு ஆள் வேணுமே சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பொண்ணுங்களைச் சேத்திருக்கேன் மேடம். பக்கத்துக் கிராமம். கை அவ்வளவு சுத்தம்."

மகன் இன்னும் திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்தக் கதையை அவனுக்குப் புரியும் அளவுக்குச் சுருக்கிச் சொன்னேன். அம்மாவுக்கு முதல் பாதி தெரியும். சென்னை ஆலையில் இரண்டு பெண்கள் சேர்ந்த கதை அன்றுதான் அவர் காதுக்குப் போனது. சாமணத்தைக் கீழே வைத்தார்.

"ஸ்பீக்கர் வலையை ஒட்டுற வேலையா?"

"ஆமாம்மா. வலை, பட்டன், சின்ன சர்க்யூட்டு."

"உக்காந்து செய்யிற வேலைதான். முதுகு வலிக்கும், சொல்லி வை. நடுவுல எழுந்து நடக்கச் சொல்லு." பிறகு சிரித்துக்கொண்டே பேரனிடம் சொன்னார்: "பாத்தியா, ஒரு நம்பர் மாறினா ரெண்டு பேருக்கு வேலை வருது. எங்களுக்கும் பாயான் லெப்பாஸ்ல இப்படி எவனோ ஒரு நம்பர் போட்டுத்தான் வந்திருக்கும்."

அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. தீர்வையைக் கூட்டுவதன் நோக்கமே பொருத்தும் வேலை உள்ளூருக்கு வரட்டும் என்பதுதான். அந்தத் தீர்வை கைப்பேசி விலையில் ஏறி வாங்குபவர் தலையில்தான் விழுகிறது என்பதும் உண்மை. எது சரி என்று நாடுகள் பேசிக்கொண்டே இருக்கின்றன. 2024 ஜனவரி இறுதியில் இந்தியா பின்மூடி, திருகாணி, சிம் சாக்கெட் உள்ளிட்ட பல பாகங்களின் தீர்வையை 15இலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூலையில் முழுக் கைப்பேசிக்கும் சார்ஜருக்கும் 20இலிருந்து 15 ஆக்கியது. நான் மனப்பாடம் செய்துவைத்த பட்டியலை மறுபடி எழுதினேன். 2028 ஜனவரியில் உலக எண் பட்டியலின் அடுத்த பதிப்பு வருகிறது. அப்போதும் எழுதுவேன்.

விகிதம் மாறும், எண்ணும் மாறும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் மாறாது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாள் நான் எண் பட்டியலைக் கொடுப்பதில்லை. கிடங்குக்கு அழைத்துப் போகிறேன். பொருளைக் கையில் எடுத்து, ஒட்டியிருப்பது எல்லாவற்றையும் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் என்கிறேன். விவரம் சரியாக இருந்தால் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்கு ஏற்றாற்போல் விவரத்தைக் குறைத்தால், குறைந்த அந்தச் சின்னச் சாமானுக்கு எங்கோ ஒருவர் பணம் கட்ட வேண்டியிருக்கும். அவரை நாம் ஒருபோதும் பார்த்திருக்க மாட்டோம்.

அன்று மாலை அம்மா கைப்பேசியை மறுபடி பூட்டினார். அது உயிர் பெறவில்லை. பெறும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மூடியை அழுத்திவிட்டுத் துணியை உதறப் போனவர் நின்றார். ஒரு திருகாணி மிச்சம் இருந்தது.

"விடுங்க பாட்டி, அதுதான் வேலையே செய்யலையே," என்றான் மகன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூடியை மறுபடி திறந்தார்.